படம் கேட்டு வந்தவரை முதலில் ஊதச் சொன்னோம்: பழைய புகைப்பழக்கமும் நுரையீரல் ஸ்கேனும், ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வருகிறவரிடமும் அவர் மகளிடமும் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் இருந்தபடியே இருக்கின்றன. புகையை விட்டுப் பல வருடம் ஆன பிறகு "உள்ளே எவ்வளவு கெட்டிருக்குன்னு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துரலாமா" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அவர்களும் அவர்களைக் கூட்டிவரும் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பின்னணி

நான் திருநெல்வேலிப் பக்கம் நெஞ்சக நோய் பார்க்கும் மருத்துவர். சுற்றிலும் பீடி சுற்றும் ஊர்கள், அதனால் பீடி குடித்து வந்த நுரையீரல்களை இங்கே நிறையப் பார்க்கிறோம்.

வந்தவருக்கு 63 வயது. ஓய்வு பெற்ற அரசு பஸ் டிரைவர். இருபது வயதில் பீடியில் ஆரம்பித்து, சுமார் பத்து வருடம் அதிலேயே ஓட்டி, வேலை நிரந்தரமானதும் சிகரெட்டுக்கு மாறியிருக்கிறார். ராத்திரி டூட்டியில் தூக்கம் வராமல் இருக்க என்று ஆரம்பித்தது பிறகு பகலுக்கும் வந்துவிட்டது. சராசரியாக நாளுக்குப் பதினைந்து. 54 வயதில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார், வெளியே வந்ததும் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஒன்பது வருடமாகத் தொடவில்லை. முப்பது வயதில் டிபிக்கு முழுமையாக மருந்து சாப்பிட்டவர் என்பதையும் இங்கேயே குறித்து வைக்கிறேன், பின்னால் இது முக்கியமாகிறது.

எத்தனை புகைத்தார் என்று கணக்குப் போடுவதை மருத்துவர்களே பல நேரம் அவசரமாகச் செய்கிறோம். உலக வழக்கில் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், அதாவது இருபது சிகரெட், ஒரு வருடம் பிடித்தால் அது ஒரு 'பேக்-இயர்'. இவருடைய சிகரெட் வருடங்கள் மட்டும் 18 பேக்-இயர் வருகிறது. பீடியை எப்படிச் சேர்ப்பது? பீடிக்குள் புகையிலை குறைவு, சிகரெட்டில் இருப்பதில் கால்வாசி அளவுதான் இருக்கும். ஆனால் அது அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும், அதனால் உள்ளே போகிற தாரும் கார்பன் மோனாக்சைடும் குறைந்துவிடுவதில்லை. பீடிதானே என்று கழித்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஒன்றுக்கு ஒன்று என்றே சேர்த்தேன், மொத்தம் 25-ஐத் தாண்டியது. நம் நாட்டில் இதைவிட எளிய கணக்கு ஒன்று உண்டு, ஒரு நாளின் எண்ணிக்கையை வருடத்தால் பெருக்குவது. 15 பெருக்கல் 34, ஆக 510. முந்நூறைத் தாண்டினாலே அதிகம் புகைத்தவர் என்று எடுத்துக்கொள்வோம்.

இப்போது ஏன் வந்தார் என்றால், அவரோடு அதே டெப்போவில் வேலை பார்த்த ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய், முற்றிய நிலையில் தெரிய வந்திருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்த இரவிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. வெளியூரில் இருக்கும் மகன், ஒரு ஸ்கேன் சென்டரின் 'நுரையீரல் பேக்கேஜ்' விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, உடனே எடுக்கச் சொல்லியிருக்கிறார். நல்லவேளையாக மகள் அதற்கு முன் என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவர் கேட்டதும் நாங்கள் கண்டதும்

"கொரோனா சமயத்துல சொன்னாங்கல்லா டாக்டர், நுரையீரல் இத்தனை சதவீதம் போயிருக்குன்னு. அதே மாதிரி எனக்கு எத்தனைன்னு பாத்துச் சொல்லிருங்க."

இந்தக் கேள்வியை 2021-க்குப் பிறகு அடிக்கடி கேட்கிறேன். அப்போது சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் 25 சதவீதம், 50 சதவீதம் என்று போட்டுக் கொடுத்தார்கள், வீட்டுக்கு வீடு அந்த எண்ணைப் பேசினோம், அது மனதில் தங்கிவிட்டது. அந்த எண் தொற்றால் வந்த சளிக்காய்ச்சல் நுரையீரலில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் காட்டியது. பெரும்பாலானவர்களுக்கு அது கரைந்தும் போனது. பல வருடப் புகை செய்யும் சேதம் வேறு வகை. மூச்சுக்குழாய்கள் உள்ளே தடித்துச் சுருங்குகின்றன, காற்றுப்பைகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய சுவர்கள் உடைந்து பெரிய வெற்றிடங்களாகின்றன. இரண்டாவதைத்தான் எம்ஃபிசீமா என்கிறோம், உடைந்த சுவர் திரும்பக் கட்டப்படாது. கம்ப்யூட்டரை வைத்து அந்த வெற்றிடங்களையும் சதவீதமாகக் கணக்கிட முடியும்தான், ஆனால் அந்தச் சதவீதத்தை வைத்து இந்த மனிதர் எவ்வளவு தூரம் நடப்பார் என்று சொல்ல முடியாது.

உங்களுக்கு மூச்சு வாங்குகிறதா என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல டாக்டர், சும்மா பாத்துக்கலாம்னுதான்" என்றார். மகள் குறுக்கிட்டார். "அப்பா முன்னாடி சந்தைக்கு நடந்தே போவாங்க. இப்ப தெருமுனைக்குக்கூட வண்டியை எடுக்காங்க. கேட்டா முட்டி வலிங்காங்க."

சரி, வாங்க அண்ணாச்சி என்று கிளினிக் வராந்தாவில் கூடவே நடந்தேன். விரலில் ஆக்சிஜன் மீட்டர். உட்கார்ந்திருந்தபோது 96 இருந்தது, கொஞ்ச நேர நடையில் 93-க்கு வந்தது. நின்றார். முட்டியைப் பிடிக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் குவித்து ஊதினார். மூச்சு வாங்குகிறவர்கள் தங்களை அறியாமலே வேலையைக் குறைத்துக்கொள்வார்கள், குறைத்த பிறகு மூச்சு வாங்காது, அதனால் எனக்கு ஒன்றும் இல்லை என்பார்கள். பொய் சொல்வதில்லை, அவர்களுக்கே தெரியாது. "மூச்சு வாங்குதா" என்பதை விட "முன்னே செய்து இப்போ விட்ட வேலை எது" என்று கேட்டால் சரியான பதில் வரும், அதையும் வீட்டில் உள்ளவரிடம் கேட்க வேண்டும்.

காலையில் சளி வருகிறதா என்றதற்கு, "அது எப்பவும் உள்ளதுதான்" என்றார். ரத்த அழுத்தம் 150-க்கு 94. கையில் ஒரு எக்ஸ்ரே வைத்திருந்தார், வலது மேல்நுனியில் பழைய டிபி தழும்பு, மற்றபடி சரி என்று ரிப்போர்ட். அதைப் பார்த்துத் தெம்பாக இருந்தார். கரையான் அரித்த நிலைக்கதவு வெளியே பெயிண்டோடு நன்றாகத்தான் நிற்கும், எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியும் புகைத்தவரின் நுரையீரலும் பல நேரம் அப்படித்தான். சேதம் நன்றாக முற்றிய பிறகே அதில் தெரிய ஆரம்பிக்கும்.

ஊதிப் பார்த்தது

ஸ்கேனைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஸ்பைரோமெட்ரி செய்யலாம் என்று முடிவெடுத்தோம். காரணம் இதுதான். அவருடைய கேள்வி 'என் நுரையீரல் கெட்டிருக்கிறதா' என்பது. அதற்கு நேரான பதில் ஊதும் சோதனையில் இருக்கிறது. கதிர்வீச்சு கிடையாது, செலவும் ஸ்கேனோடு ஒப்பிட்டால் சிறியது. இருந்தும் நம் ஊரில் இது மிகக் குறைவாகவே நடக்கிறது, வருடக்கணக்கில் இன்ஹேலர் வைத்திருப்பவர்கள்கூட ஒருமுறையும் ஊதிப் பார்க்காமல் என்னிடம் வருகிறார்கள், அது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது.

மூக்கில் கிளிப் போட்டு, முடிந்த மட்டும் மூச்சை இழுத்து, குழாயில் வாயை இறுக்கி வைத்து, ஒரே வீச்சில் வெளியே தள்ள வேண்டும், நின்றுவிடாமல் கடைசி வரை ஊத வேண்டும். பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருப்பார், அந்தச் சத்தம் சோதனையின் ஒரு பகுதி. ஒத்துப்போகும் மூன்று ஊதல்கள் கிடைத்ததும், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்ச வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி.

இரண்டு எண்களைப் பார்க்கிறோம். முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது, மொத்தம் எவ்வளவு வந்தது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், மருந்துக்குப் பிறகும் 0.70-க்குக் கீழே இருந்தால் காற்று போகும் வழியில் நிரந்தரத் தடை இருக்கிறது என்று பொருள். அவருக்கு 0.58. முதல் நொடிக் காற்று, அவர் வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்ப்பதில் 64 சதவீதம். சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்களில் நிரந்தரமாகத் தடை வந்துவிட்ட நோய், நடுத்தர நிலை. எக்ஸ்ரே சரியாக இருந்த, 'ஒண்ணும் இல்லாத' மனிதருக்கு.

"இப்ப விட்டு என்ன பிரயோசனம்?" என்று கேட்டார். இதற்கு நல்ல பதில் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த லங் ஹெல்த் ஸ்டடியில், லேசான சிஓபிடி உள்ள புகைப்பவர்களைப் பதினோரு வருடம் பின்தொடர்ந்து, 2002-இல் முடிவைச் சொன்னார்கள். தொடர்ந்து புகைத்த ஆண்களுக்கு முதல் நொடிக் காற்று வருடத்துக்குச் சுமார் 66 மில்லி லிட்டர் குறைந்தது, விட்டவர்களுக்குச் சுமார் 30. வயது ஏறினால் யாருக்கும் இறங்கும் வேகம்தான் அந்த 30. அண்ணாச்சி, ஒன்பது வருடம் முன் நீங்கள் விட்டிருக்காவிட்டால் இன்றைக்கு வராந்தாவில் பாதித் தூரத்திலேயே நின்றிருப்பீர்கள் என்றேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்கேன் எடுப்பதா

சேதம் இருக்கிறதா என்ற கேள்வி முடிந்துவிட்டது. மருந்தைத் தொடங்க ஸ்கேன் தேவையில்லை. ஆனால் அவர் உள்ளுக்குள் பயப்படுவது புற்றுநோய்க்கு, அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. இவ்வளவு புகைத்து, சிஓபிடியும் வந்தவருக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம்.

குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் உயிரைக் காக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு. 2011-இல் வெளியான அமெரிக்காவின் என்.எல்.எஸ்.டி ஆய்வில் 53,454 பேர். வருடத்துக்கு ஒன்றாக மூன்று ஸ்கேன் எடுத்தவர்களிடம், எக்ஸ்ரே எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. 2020-இல் நெதர்லாந்து, பெல்ஜியத்தின் நெல்சன் ஆய்வு, பத்து வருட முடிவில் ஆண்களிடம் 24 சதவீதம் குறைவைக் காட்டியது. அமெரிக்காவில் 2021 முதல் உள்ள பரிந்துரை: வயது 50 முதல் 80, குறைந்தது 20 பேக்-இயர், இப்போதும் புகைப்பவர் அல்லது விட்டுப் பதினைந்து வருடத்துக்குள் இருப்பவர். இவர் அதற்குள் வருகிறார்.

மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் ஸ்கேன் எழுதுவது சரியில்லை என்று நினைக்கிறேன். அதே என்.எல்.எஸ்.டியில் சிடி படங்களில் சுமார் கால்வாசி 'சந்தேகம்' என்று வந்தன. அந்தச் சந்தேகங்களில் நூற்றுக்கு 96-க்கு மேல் புற்றுநோய் அல்ல. அது அமெரிக்காவில். உலகத்தின் டிபி நோயாளிகளில் சுமார் கால் பங்கு நம் நாட்டில் இருக்கிறார்கள். டிபி குணமான பிறகு தழும்பும் சின்னச் சின்ன முடிச்சுகளும் மிஞ்சும், படத்தில் அவை புற்றுநோயின் ஆரம்பம் போலவே நிற்கும். இந்தியாவில் இதற்கென்று நாடு தழுவிய பரிசோதனைத் திட்டம் எதுவும் இல்லை. அரசுத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் புற்றுநோய்களுக்குத்தான் பரிசோதனை. ஆகவே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். சுத்தமாக வரலாம், அப்படியானாலும் அடுத்த வருடம் மறுபடி எடுக்க வேண்டும், ஒருமுறை எடுத்து முடிந்துவிடும் வேலை இல்லை. சின்ன முடிச்சு ஒன்று தெரியலாம், மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். நிஜமாகவே புற்றுநோயாக இருந்தால் ஆபரேஷன் பேச்சு வரும், இந்த மூச்சுத் திறனோடு அதற்குத் தயாரா? கடைசிக் கேள்விக்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஆரம்பத்துல இருந்தா பண்ணிக்குவேன். அவரு மாதிரி ஆகக்கூடாது" என்றார். அந்தப் பதிலை வைத்துத்தான் எழுதினேன். எதுவந்தாலும் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

சீட்டும் கவுண்டரும்

சீட்டில் "நெஞ்சு சிடி, லோ டோஸ், பிளெய்ன், கான்ட்ராஸ்ட் வேண்டாம், மெல்லிய வெட்டுகள்" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். லோ டோஸ் முறையில் கதிர்வீச்சு ஏறக்குறைய 1.5 மில்லிசீவர்ட், சாதாரண நெஞ்சு சிடியில் 7 வாக்கில். ஒருமுறை என்றால் பெரிய வித்தியாசம் இல்லை. வருடாவருடம் எடுக்கப் போகிறோம் என்றால் இருக்கிறது. கவுண்டரில் "கான்ட்ராஸ்டோட எடுத்தா நல்லா தெளிவாத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறார்கள். முடிச்சைத் தேடுவதற்கு, ரத்தக்குழாய்களைப் பளிச்சென்று காட்டப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி தேவையே இல்லை, நுரையீரலில் காற்று கருப்பு, முடிச்சு வெள்ளை, அந்த வேறுபாடே போதும். மகள் போனில் கூப்பிட்டுக் கேட்டார், சீட்டில் உள்ளபடி எடுங்கள் என்றேன், எடுத்தார்கள்.

ரிப்போர்ட்

நான்கு விஷயங்கள் இருந்தன. இரண்டு நுரையீரலின் மேல்பகுதியிலும் எம்ஃபிசீமா, புகைத்தவர்களுக்கு வரும் வழக்கமான இடம். வலது நுனியில் சுண்ணாம்பு படிந்த டிபி தழும்பு. இடது மேல்மடலில் 7 மி.மீ. அளவில் ஒரு திடமான முடிச்சு, சுண்ணாம்பு இல்லை, ஓரம் வழவழப்பு. அப்புறம், நாங்கள் தேடாத ஒன்று, இதய ரத்தக்குழாய்களில் சுண்ணாம்புப் படிவு.

ரிப்போர்ட்டின் கடைசி வரி, புற்றுநோய்க்கான வாய்ப்பை ஒதுக்க முடியாது, பெட் ஸ்கேன் (சர்க்கரையை அதிகம் இழுக்கும் செல்கள் ஒளிர்ந்து தெரியும் படம்) அல்லது பயாப்சி (ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பது) செய்யலாம் என்றது. அந்த ஒரு வரி என் கைக்கு வருவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் மகனுக்குப் போய், அங்கிருந்து சொந்தத்தில் நாலு பேருக்குப் போய், சாயங்காலத்துக்குள் சென்னையில் அப்பாயின்ட்மென்ட் போட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த வரியைப் படிக்கிற எந்தப் பிள்ளையும் அப்படித்தான் செய்யும்.

பெட் ஸ்கேனும் ஊசியும் ஏன் வேண்டாம் என்றோம்

மகனை வீடியோ காலில் வைத்துக்கொண்டு படத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன். இப்படிப் பரிசோதனைக்காக எடுக்கும் ஸ்கேன்களுக்கு 'லங்-ராட்ஸ்' என்று ஒரு தரவரிசை இருக்கிறது. முதல் ஸ்கேனில் 6-இலிருந்து 8 மி.மீ.க்குள் திடமான முடிச்சு என்றால் அது மூன்றாம் வகை, புற்றுநோயாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ, ஆறு மாதம் கழித்து அதே ஸ்கேனை மறுபடி எடுக்க வேண்டும்.

"இப்பவே பெட் எடுத்துட்டா தெரிஞ்சுருமே டாக்டர்?" என்றார் மகன். தெரியாது என்பதுதான் சிக்கல். 8 மி.மீ.க்குக் கீழே பெட் ஸ்கேனை நம்ப முடியாது, புற்றுநோயாக இருந்தாலும் ஒளிராமல் போகலாம். டிபி முடிச்சு புற்றுநோயாக இல்லாமலே ஒளிரலாம். ஒளிர்ந்தாலும் ஒளிராவிட்டாலும் நாம் நிற்கும் இடம் மாறாது. ஊசி போட்டுச் சதை எடுப்பதானால், இவ்வளவு சின்னப் புள்ளியைக் குறி வைத்து எம்ஃபிசீமா உள்ள நுரையீரலைத் துளைக்க வேண்டும், காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிப்போகும் ஆபத்து இவருக்கு மற்றவர்களை விட அதிகம். நூற்றுக்கு ஒன்று இரண்டு வாய்ப்புக்காக அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு யோசனையும் சொந்தத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள், எதற்கும் டிபி மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாமே என்று. நம் ஊரில் இது அடிக்கடி நடக்கிறது. கிருமி இருப்பதற்கான சான்று இல்லாமல் ஆறு மாதம் அந்த மருந்துகளைக் கொடுப்பது கல்லீரலுக்கும் நல்லதல்ல, நோயை மறைத்துக் காலத்தையும் கடத்தும். காலைச் சளி இருந்ததால் அரசு மருத்துவமனையில் சிபிநாட் சோதனைக்கு, அதாவது சளியில் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனைக்கு அனுப்பினோம், டிபி இல்லை. சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரும் பின்னர் இல்லை என்றே வந்தது.

பழைய படம் எதுவானாலும் தேடச் சொன்னேன். ஒரு முடிச்சு இரண்டு வருடம் முன்பும் இதே அளவில் இருந்தது என்று ஒரு பழைய சிடி காட்டினால் பாதிக் கவலை அன்றே தீரும். மகள் பீரோவைக் கிளறி, நிமோனியா வந்த காலத்து எக்ஸ்ரே ஒன்றைக் கொண்டுவந்தார். வலது நுனித் தழும்பு அன்றும் அப்படியே இருந்தது தெரிந்தது, அது பயன். 7 மி.மீ. முடிச்சை எக்ஸ்ரேயில் எதிர்பார்க்க முடியாது, அதனால் அந்தக் கேள்வி அப்படியே நின்றது. சென்னைப் பயணத்தைத் தள்ளிவைக்கச் சம்மதித்தார்கள்.

காத்திருந்த காலம்

முடிச்சை விட்டுவிட்டு, கையில் இருக்கும் நோய்களுக்கு வேலை செய்தோம். இதயக் குழாய்ச் சுண்ணாம்பைப் பலர் ரிப்போர்ட்டில் படித்துவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். என்.எல்.எஸ்.டியில் இறந்தவர்களின் கணக்கை எடுத்தால் நுரையீரல் புற்றுநோயால் போனவர்களும் இதய நோயால் போனவர்களும் ஏறக்குறைய சமம், புகை இரண்டு இடத்திலும்தான் வேலை செய்கிறது. இதய மருத்துவரிடம் அனுப்பினோம். இசிஜி, எக்கோ சரியாக இருந்தன. ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் மாத்திரை தொடங்கினார்.

மூச்சுக்கு, தினம் ஒருமுறை உறிஞ்சும் பொடி மருந்து. "அது பழகிரும்லா, விட முடியாதே" என்ற வழக்கமான தயக்கம் வந்தது. முப்பத்துநாலு வருடம் பழகியதையே விட்டவர் நீங்கள், இது பழகும் பொருளே இல்லை என்று சொன்னேன், சிரித்தார். கேப்சூலைப் போட்டுத் திருகி, முதலில் வெளியே மூச்சை விட்டு, பிறகு வேகமாக இழுத்துப் பத்து எண்ணும் வரை அடக்குவதை நர்ஸ் முன்னால் செய்து காட்டச் சொன்னோம். அடுத்தடுத்து வந்தபோதும் செய்து காட்டச் சொன்னோம், ஏனென்றால் கற்றுக்கொண்டது நாளாக நாளாக நழுவும். ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி போட்டோம். படுக்கையறையில் ஜன்னலை மூடிவிட்டுக் கொசுவத்தி கொளுத்தும் வழக்கத்தை நிறுத்தி வலை கட்டச் சொன்னோம். தினம் நடை, மூச்சு வாங்கினால் நின்று உதட்டைக் குவித்து ஊதி, அடங்கியதும் தொடர்வது.

ஆனால் அந்த ஆறு மாதத்தில் அவர் பட்ட பாட்டை எழுதாமல் விட முடியாது. நிலத்தைப் பிள்ளைகள் பேருக்கு மாற்ற வேண்டும் என்று பத்திரம் எழுதுபவரைப் பார்க்கப் போயிருக்கிறார். ராத்திரி எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். நான்காவது மாதம் ஒருநாள் டீக்கடையில் சிகரெட் வாங்கிப் பற்றவைத்துவிட்டார், ஒன்பது வருடத்துக்குப் பிறகு. "எப்படியும் வந்தாச்சு, இனி என்னன்னு தோணுச்சு" என்று அவரே வந்து சொன்னார். பயத்தைத் தீர்க்கத்தான் ஸ்கேன் எடுத்தோம், அந்தப் பயமே அவரைத் திரும்பச் சிகரெட்டிடம் கொண்டுபோய் விட இருந்தது. சொல்ல வந்தாரே, அது பெரிய விஷயம். நீண்ட நேரம் பேசினோம், நூற்றுக்கு 98 பேருக்கு இது ஒன்றும் இல்லை என்று விரல் விட்டு மறுபடி விளக்கினேன். நிலப் பத்திரம் எழுதுவது நல்ல வேலைதான், நிதானமாக எழுதுங்கள் என்றேன். அதற்குப் பிறகு அவர் பற்றவைக்கவில்லை.

என்ன ஆனது

ஆறு மாதம் கழித்து அதே சென்டர், அதே மெஷின், அதே முறை. முடிச்சு 7 மி.மீ., மாற்றமில்லை. வகை இரண்டுக்கு இறங்கியது, இனி வருடத்துக்கு ஒருமுறை. அடுத்த வருட ஸ்கேனிலும் அதே அளவுதான். பெரும்பாலும் பழைய டிபியின் மிச்சமாக இருக்கும் என்று நினைக்கிறேன், சதை எடுத்துப் பார்க்காததால் அடித்துச் சொல்லமாட்டேன்.

ஊதும் சோதனையில் 64 சதவீதம் ஒரு வருடத்தில் 65. இதை முன்னேற்றம் என்று எடுக்கக் கூடாது, சோதனைக்குச் சோதனை அவ்வளவு மாறும். இறங்கவில்லை என்பதே செய்தி. ஆனால் ஆறு நிமிட நடையில் 340 மீட்டர் நடந்தவர் 395 நடக்கிறார். சந்தைக்கு நடந்து போகிறார், வழியில் ஒரு இடத்தில் நிற்கிறார்.

ஐப்பசி மழையில் ஒருமுறை காய்ச்சலும் மஞ்சள் சளியும் வந்து மூச்சு கூடியது. சளியின் நிறம் மாறினால் காத்திருக்காமல் வரச் சொல்லியிருந்தோம், இரண்டாம் நாளே வந்தார், ஆன்டிபயாட்டிக்கும் ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரையும் போதுமாக இருந்தது, அட்மிட் ஆகவில்லை.

இனி மாற்றிச் செய்வது

புகையை விட்டவர் யார் ஸ்கேன் கேட்டு வந்தாலும் முதலில் ஊதும் சோதனை, அதை இந்த நிகழ்வுக்குப் பிறகு கிளினிக்கில் விதியாகவே வைத்துவிட்டோம். அப்பாயின்ட்மென்ட் தரும்போதே பழைய எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் படம், அதைப் பதிந்து தந்த தட்டு, எது இருந்தாலும் எடுத்துவரச் சொல்கிறோம். ஸ்கேனுக்கு முன் நடக்கும் பேச்சில், ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கப் போகும் பிள்ளையும் போனிலாவது இருக்க வேண்டும், முடிச்சு வந்தால் என்ன செய்வோம் என்பதை அவரும் முன்னதாகவே கேட்டிருக்க வேண்டும். முடிச்சு வந்தவர்களை ஆறு மாதம் தனியாக விடுவதில்லை, நடுவில் ஸ்கேன் எதுவும் இல்லாமல் பேசுவதற்கு மட்டும் ஒரு நாள் குறித்துக் கொடுக்கிறோம், அதற்குக் கட்டணம் கிடையாது.

அதே டெப்போவிலிருந்து இப்போது வேறு சிலரும் வருகிறார்கள். ஒருவருக்கு 46 வயது, இன்னும் புகைக்கிறார், பயந்து ஸ்கேன் கேட்டார். இந்த வயதில் அவருக்கு ஸ்கேன் பலனை விடக் குழப்பத்தையே அதிகம் தரும் என்று சொல்லி எழுத மறுத்தேன். ஊதிப் பார்த்ததில் விகிதம் 0.72, எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறார். நிகோட்டின் சூயிங்கமும் மாத்திரையும் கொடுத்து, விடுவதற்கு ஒரு தேதி குறித்திருக்கிறோம்.

டிரைவரின் மனைவி கூடவே வந்து வெளியில் உட்கார்ந்திருப்பார், லேசாக இருமுவார். சிகரெட்டைத் தொட்டதே இல்லை, ஆனால் இருபது வருடத்துக்கு மேல் விறகடுப்பில் சமைத்தவர், புகைக்கூண்டு இல்லாத அடுப்படி. ஒருநாள் அவரையும் ஊதச் சொன்னோம். 0.66 வந்தது. அவருக்கு ஸ்கேன் எழுதவில்லை. இன்ஹேலர் எழுதி, எப்படி இழுப்பது என்று கணவரையே சொல்லிக்கொடுக்கச் சொன்னோம்.